துஞ்சாத நகரில் துயிலின் வரலாறு: பம்பாய் நேரம் முதல் மூளை ஆய்வு வரை

வரலாறு என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருபவை மன்னர்கள், போர்கள், கோயில்கள், கல்வெட்டுகள். மனிதன் விழித்திருந்து செய்தவற்றையே நாம் வரலாறாக எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அவன் கண்ணை மூடியே கழிக்கிறான். அறுபது வயதான ஒருவர் இருபது ஆண்டுகள் தூங்கியிருப்பார். அந்த இருபது ஆண்டுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நம் தமிழ்ச் சொற்களுக்கும், மதுரைக் குகைக்கும், பம்பாய் ஆலைத் தொழிலாளிக்கும், சென்னைக் குடிசைவாசிக்கும் இடம் உண்டு. இதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மும்பை தூங்காத நகரம் என்று பெருமையாகச் சொல்வார்கள். நம்மவர்களும் ஊருக்குப் போனால், "எங்க பம்பாய்ல ராத்திரி ரெண்டு மணிக்கும் டீ கிடைக்கும்" என்று சொல்லிக்கொள்வதுண்டு. டீ கிடைக்கிறது, உண்மைதான். அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

சொல்லில் உறங்கும் வரலாறு

தமிழில் தூக்கத்திற்குச் சொற்கள் ஏராளம்: உறக்கம், துயில், கண்படை, அனந்தல், துஞ்சுதல். இவற்றில் துஞ்சுதல் என்ற சொல் கவனத்திற்குரியது. சங்க கால மன்னர் பெயர்களில் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றெல்லாம் வருகிறது. இங்கே துஞ்சிய என்றால் இறந்த என்று பொருள். தூக்கத்துக்கும் சாவுக்கும் ஒரே சொல்! தூங்குகிறவனிடம் ஒன்றுமே நடக்கவில்லை, எல்லாம் அணைந்து கிடக்கிறது என்பது உலகம் முழுவதும் இருந்த எண்ணம். கிரேக்கரும் உறக்கத்தையும் மரணத்தையும் இரட்டைச் சகோதரர்களாகவே கண்டனர்.

இன்னொரு சொல் பள்ளி. பள்ளிகொள்ளுதல், பள்ளியறை, பள்ளியெழுச்சி என்பவற்றில் அதற்குப் படுக்கை, உறக்கம் என்று பொருள். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்களுக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளை இன்றும் காணலாம். அவற்றில் மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டு பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்வது. கி.மு. 2ஆம் நூற்றாண்டினதாகக் கணிக்கப்படும் அக்கல்வெட்டிலேயே பள்ளி என்ற சொல் வந்துவிடுகிறது. முனிவர் படுத்த இடம் பள்ளி. அவர்கள் பாடம் சொன்ன இடமும் பள்ளி. அதிலிருந்து வந்ததே நம் பிள்ளைகள் போகும் பள்ளிக்கூடம். உறக்கமும் படிப்பும் ஒரே சொல்லில் குடியிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இன்றைய மூளை ஆய்வு இந்த இரண்டையும் எப்படி முடிச்சுப் போடுகிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

தொல்காப்பியப் புறத்திணையியல், அரசனை உறங்கச் செய்வதைக் கண்படை நிலை என்றும், அதிகாலையில் சூதர் பாடி எழுப்புவதைத் துயிலெடை நிலை என்றும் தனித் துறைகளாக வகுத்தது. சித்த மருத்துவமோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. உடம்பில் எழும், அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களைச் சித்தர்கள் எண்ணினார்கள். பசி, தாகம், தும்மல், கொட்டாவி ஆகியவற்றோடு நித்திரையும் அந்தப் பட்டியலில் உண்டு. பசியை அடக்கினால் நோய் வருவதுபோல் தூக்கத்தை அடக்கினாலும் நோய் வரும் என்பது அவர்கள் கணிப்பு. ஆத்திசூடி விடியற்காலை எழச் சொன்னதை நாம் மறக்கவில்லை. பிள்ளைகளை அதைச் சொல்லியே எழுப்புகிறோம். ஆனால் அந்தக் காலத்தில் இருட்டியதும் விளக்கை அணைத்துப் படுத்துவிடுவார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

மெட்ராஸ் நேரமும் பம்பாய் நேரமும்

சூரியனைப் பார்த்து எழுந்தவனைக் கடிகாரம் பார்த்து எழ வைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு. அந்தக் கதை நம் இரண்டு ஊர்களையும் இணைக்கிறது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வு நிலையம் கணித்துச் சொன்ன மெட்ராஸ் நேரத்தைத்தான் ரயில்வேக்கள் பின்பற்றின. பம்பாய்க்கோ தனி நேரம். மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் ஏறத்தாழ அரைமணி தாமதமாகவே உதிக்கும். 1881இல் ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்குசன் பம்பாய் முழுவதும் மெட்ராஸ் நேரத்தையே கொண்டுவர உத்தரவிட்டார். நகரத்தார் ஒத்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பு வலுக்கவே 1883இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

1906 ஜனவரி 1இல் நாடு முழுவதற்குமான இந்திய நிலை நேரம் வந்தது. அது பம்பாய் நேரத்தைவிட 39 நிமிடம் முந்தியது. அதாவது, நேற்று வரை வந்த அதே மணிக்கு இன்று ஆலைக்கு வர வேண்டுமானால் 39 நிமிடம் முன்னதாகவே பாயைச் சுருட்ட வேண்டும். அந்த ஜனவரியில் ஆலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போக மறுத்துக் கல்லெறிந்தார்கள். பம்பாய் நகராட்சியும் விட்டுக்கொடுக்காமல் 1950 வரை பழைய நேரத்தையே வைத்திருந்தது. வரலாற்றாசிரியர்கள் இதை அரசியல் போராட்டமாக எழுதுகிறார்கள், அது சரியே. ஆனால் தொழிலாளியின் கண்ணிலிருந்து பார்த்தால் அது 39 நிமிடத் தூக்கத்துக்கான சண்டையும்தான்.

மின்விளக்கும் ஆலைச் சங்கும்

அதற்கு முந்தைய ஆண்டே இன்னொரு மாற்றம் வந்திருந்தது. 1905 வாக்கில் பம்பாய் ஆலைகளில் மின்விளக்கு எரியத் தொடங்கியது. அதுவரை விடிந்தால் வேலை, இருட்டினால் வீடு. விளக்கு வந்ததும் வேலை நேரம் நாளொன்றுக்குப் 14, 15 மணி வரை நீண்டது. இதனால் எழுந்த கிளர்ச்சிகளும் விசாரணைகளும் 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் முடிந்தன. நெசவாலை ஆண் தொழிலாளிக்கு 12 மணி நேரம் என்று அச்சட்டம் வரம்பிட்டது. 1922இல் அது வாரம் 60 மணியாகவும், 1934இல் 54 மணியாகவும், 1946இல் 48 மணியாகவும் குறைந்தது. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் 48 மணியை நிலைநிறுத்தியது. 12 மணி வேலை, போகவர ஒன்றிரண்டு மணி, சமையல், குளியல் என்று கழித்துப் பாருங்கள். தூங்குவதற்கு மிஞ்சியது எவ்வளவு? தொழிற்சங்கங்கள் கேட்ட எட்டு மணி வேலை என்ற கோரிக்கைக்குள் எட்டு மணி ஓய்வு என்ற கோரிக்கையும் இருந்தது.

மராத்தியர் போங்கா என்று சொல்லும் ஆலைச் சங்குதான் அன்று பம்பாயின் துயிலெடை. தாராவியின் தோல் கூடங்களிலும், துறைமுகத்திலும், ரயில்வேயிலும் வேலை பார்த்த நம் முன்னோரும், மாட்டுங்காவிலிருந்து கோட்டைக்குப் போன குமாஸ்தாக்களும் இந்தக் கடிகார வாழ்க்கைக்குள் வந்து சேர்ந்தவர்களே. ஒரு அறையைப் பலர் வாடகைக்கு எடுத்து, பகல் ஷிப்ட்காரன் எழுந்த பாயில் ராத்பாளி முடித்து வந்தவன் படுத்துக்கொள்வது இந்த நகரத்துத் தொழிலாளர் வாழ்வில் சாதாரணம்.

மூளையை எட்டிப் பார்த்தவர்கள்

இங்கே தொழிலாளி தூக்கத்துக்காகப் போராடிய அதே காலத்தில், ஐரோப்பாவில் தூக்கம் என்றால் என்ன என்ற கேள்வி எழுந்தது. முதல் உலகப் போரின்போது ஒரு விநோதமான மூளைக் காய்ச்சல் பரவியது. சிலர் வாரக்கணக்கில் தூங்கினார்கள். சிலருக்குத் தூக்கமே வரவில்லை. வியன்னா மருத்துவர் கான்ஸ்டன்டின் ஃபான் எகனோமோ இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தார். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸின் முன்பக்கம் பழுதானவர்களுக்குத் தூக்கம் கெட்டதையும், பின்பக்கம் பழுதானவர்கள் ஓயாமல் தூங்கியதையும் கண்டார். ஆகவே தூக்கம் வெறும் சோர்வு அல்ல. அதனை நடத்தும் இடம் மூளைக்குள்ளேயே இருக்கிறது என்பது தெரிந்தது.

ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். இன்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ஈ.ஈ.ஜி. அதுதான். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசரின்ஸ்கியும் அவர் ஆசிரியர் நத்தானியல் கிளைட்மனும் ஒரு புதுமையை வெளியிட்டார்கள். அசரின்ஸ்கி தம் சிறு மகனின் தலையில் கம்பிகளை ஒட்டி இரவெல்லாம் காத்திருந்து பதிவு செய்தவர். தூக்கத்தின் நடுவே கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசைவதையும், அப்போது மூளையின் அலைகள் விழித்திருப்பவனுடையதைப் போலவே இருப்பதையும் அவர்கள் கண்டார்கள். அந்நேரம் எழுப்பினால் பெரும்பாலோர் கனவைச் சொன்னார்கள். எல்லாம் அணைந்து கிடக்கிறது என்ற பழைய எண்ணம் அன்றோடு சரிந்தது.

இரவில் நடப்பது இதுதான். முதலில் இலேசான உறக்கம். பிறகு மூளை அலைகள் மெதுவாகி, பெரிதாகி, ஆழ்ந்த உறக்கம் வரும். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது அப்போதுதான். அடுத்து கண் துடிக்கும் கனவு உறக்கம். அதில் உடம்பின் தசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும், மூளையோ சுறுசுறுப்பாக இருக்கும். ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். இரவில் நான்கைந்து சுற்று. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. பின்னிரவில் கனவு உறக்கம் மிகுதி. ஆகவே பன்னிரண்டுக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறவன் இழப்பது வெறும் மணிக்கணக்கை மட்டும் அல்ல. பின்னிரவில் வர வேண்டிய உறக்கத்தையே அவன் பெரும்பாலும் இழக்கிறான்.

விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் கண்ணை இழுப்பது. காபியில் உள்ள காஃபீன் அந்த அடினோசின் அமரும் இடத்தில் தான் உட்கார்ந்து அதனைத் தடுக்கிறது. மாட்டுங்கா ஃபில்டர் காபி தூக்கத்தைப் போக்குவதில்லை. தூக்கம் வந்து கதவைத் தட்டும் ஓசையை நமக்குக் கேட்காமல் செய்கிறது, அவ்வளவே. குடித்து ஐந்து மணி நேரமானாலும் அதில் பாதியளவு உடம்பில் இருக்கும்.

மதுரைக் குகையில் ஒரு கடிகாரம்

சூரியனைப் பார்க்காவிட்டாலும் உடம்புக்கு நேரம் தெரியுமா? கிளைட்மன் 1938இல் ஒரு மாணவருடன் அமெரிக்காவின் மாமத் குகைக்குள் 32 நாள் தங்கி, 28 மணி நேர நாளுக்கு உடம்பைப் பழக்கப் பார்த்தார். மாணவர் பழகிக்கொண்டார், கிளைட்மனின் உடம்பு பழைய 24 மணியை விடவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் மா.கி. சந்திரசேகரன். இந்தியாவில் உயிர்க்கடிகார ஆய்வுக்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர். அவரும் ஜி. மாரிமுத்துவும் மற்றவர்களும் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே புகாத குகைக்குள் கூண்டில் வைக்கப்பட்ட வௌவால், தன் கூட்டம் புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் கொண்டே தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டது. கூட்டம் இல்லாத இடத்தில் தனியே வைத்தால் அதன் கடிகாரம் தன்போக்கில் விலகிச் சென்றது. 1981இல் இது உலக அறிவியல் இதழில் வெளிவந்தது.

பிறகு அதே மதுரையில், மணிக்கூண்டோசையோ, பத்திரிகையோ, பகல் வெளிச்சமோ எட்டாத தனியறை கட்டி, மனிதர்களையும் நாள்கணக்கில் அதில் தங்க வைத்தார்கள். தனியே இருந்தவர்களின் உறக்க விழிப்புச் சுற்று 24 மணியிலிருந்து விலகிப் போயிற்று. அவ்வாறு விலகினாலும் ஒரு பெண்ணின் மாதவிலக்குச் சுற்று அதனுடன் சேர்ந்து இழுபடவில்லை என்று 1991இல் அவர்கள் எழுதினார்கள். ஆக, உடம்புக்குள் ஒரு கடிகாரம் அல்ல, பல உண்டு. அவற்றின் தலைமைக் கடிகாரம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது என்பது 1972இல் தெரிந்தது. காலை வெளிச்சம் கண் வழியே போய் அதனைத் தினமும் திருப்பி வைக்கிறது. கடிகார மரபணுக்கள் இயங்கும் விதத்தைக் கண்ட மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

வௌவால் சொல்லும் பாடம் நமக்கும் பொருந்தும். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் டி.வி. பன்னிரண்டு மணி வரை ஓடினால், "நீ போய்ப் படுடா" என்று பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை. கூட்டம் எப்போது அடங்குகிறதோ அப்போதுதான் குட்டியும் அடங்கும்.

படித்தது எங்கே தங்குகிறது?

1924இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இரண்டு மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மனப்பாடம் செய்த பின் தூங்கியபோது நினைவில் நின்றது, விழித்திருந்தபோது நின்றதைவிட மிக அதிகம். எலிகளிடம் 1994இல் வில்சனும் மெக்நாட்டனும் செய்த ஆய்வு அதற்கு ஒரு வழியைக் காட்டியது. பகலில் ஓடிய பாதையில் ஒன்றாக எரிந்த மூளைச் செல்கள், எலி தூங்கும்போதும் மறுபடி ஒன்றாக எரிந்தன. பகலில் படித்ததை இரவில் மூளை மீண்டும் ஓட்டிப் பார்த்து, தற்காலிக இடத்திலிருந்து நிரந்தர இடத்துக்கு மாற்றுகிறது என்பதே இன்று ஆய்வாளர் பலரும் ஏற்கும் விளக்கம். பள்ளி என்ற சொல் இதை முன்பே சேர்த்து வைத்திருக்கிறது!

தூங்கும்போது மூளையின் கழிவுகள் கழுவப்படுகின்றன என்று 2013இல் எலிகளிடம் செய்த ஆய்வு கூறியது. 2024இல் வந்த இன்னொரு ஆய்வு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. எனவே அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் தூக்கம் கெட்டால் கவனம் சிதறும், கோபம் கூடும், சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு கூடும் என்பதில் ஐயமில்லை. இரவு ஷிப்ட் வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மீண்டும் உறுதி செய்தது.

சென்னையில் ஓர் அளவீடு

ஏழைக்கு நல்ல உழைப்பு, ஆகவே நல்ல தூக்கம் என்று கதைகளில் படிக்கிறோம். 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அதை அளந்தே பார்த்துவிட்டது. சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரின் கையில் கருவி கட்டி அளந்தார்கள். அவர்கள் படுக்கையில் இருந்தது சுமார் எட்டு மணி. தூங்கியது சுமார் ஐந்தரை மணி! வெக்கை, கொசு, சத்தம், நெரிசல் என்று இடையிடையே விழிப்பு. இரவுத் தூக்கத்தை அரைமணி போலக் கூட்டியும் பெரிய பலன் தெரியவில்லை, ஏனெனில் அந்தத் துண்டுபட்ட தூக்கத்தின் தரம் மாறவில்லை என்பது ஆய்வாளர் கருத்து. ஆனால் வேலையிடத்தில் அமைதியான இடம் கொடுத்து மதியம் அரைமணி கண்ணயர விட்டபோது வேலைத்திறனும் மனநிலையும் கூடின.

இந்த ஆய்வைப் படிக்கும்போது கோவண்டி கண்முன் வருகிறது. சீத்தா கேம்ப், தேவ்னார், மான்குர்டு என்று நம்மவர் வாழும் இடங்களின் தகரக் கூரைகளும், ஒன்றையொன்று ஒட்டி எழுந்த மறுவாழ்வுக் கட்டடங்களும் நாம் அறிந்தவையே. நட்வர் பாரேக் காம்பவுண்டு போன்ற குடியிருப்புகளில் வெளிச்சமும் காற்றும் இல்லாமையைக் காசநோயுடன் தொடர்புபடுத்தி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. சூரியன் நுழையாத வீட்டில் மூளையின் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் காலை வெளிச்சமும் நுழைவதில்லை. ஆகவே தூக்கம் தனிமனித ஒழுக்கம் மட்டும் அல்ல. வீடு கட்டும் கொள்கையும் அதில் அடங்கும்.

1906இன் 39 நிமிடமும் இன்னும் முடியவில்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்பதால் மேற்கே இருப்பவர்களுக்குக் கடிகாரப்படி சூரியன் தாமதமாக மறைகிறது. அதனால் பிள்ளைகள் தாமதமாகப் படுக்கிறார்கள். பள்ளி மணியோ எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அடிக்கிறது. சூரிய அஸ்தமனம் ஒரு மணி தள்ளிப்போனால் பிள்ளைகளின் தூக்கம் அரைமணி குறைகிறது, படிப்பும் பாதிக்கப்படுகிறது என்று மௌலிக் ஜக்னானி என்ற பொருளியலாளர் இந்தியப் புள்ளிவிவரங்களைக் கொண்டு காட்டியுள்ளார்.

உரிமையும் கடமையும்

நல்ல மாற்றங்களும் வந்துள்ளன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்று வரம்பிட்டன. உறக்கம் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2012இல் கூறியது. ஒருவரை இரவெல்லாம் விழிக்க வைத்து விசாரித்ததைக் கண்டித்து, தூக்கம் மனிதனின் அடிப்படைத் தேவை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2024இல் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில், நான்காம் வகுப்பு வரையிலான வகுப்புகளைக் காலை 9 மணிக்கு முன் தொடங்க வேண்டாம் என்று மகாராஷ்டிர அரசு ஆணையிட்டது.

ஆணை மட்டும் போதாது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி, பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி, பெரியவர்களுக்கு 7 மணிக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர் பரிந்துரை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு விடிய விடியப் படிக்கும் பிள்ளையைப் பார்த்து, "எம்புள்ள தூங்காம படிக்கிறான்" என்று நாம் பெருமைப்படுவது சரியா? அவன் படித்ததை மூளை எடுத்து வைக்கும் நேரத்தையே நாம் பறிக்கிறோம். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு நேரம் இன்னும் குறைவு; அவனுக்காவது வீட்டார் விளக்கையும் டி.வி.யையும் அணைத்து உதவலாம். ராத்பாளி முடித்து வந்து பகலில் படுக்கும் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இருட்டான ஒரு மூலையும் கொஞ்சம் அமைதியும் கொடுப்பது குடும்பத்தின் பொறுப்பு. எல்லோருக்கும் கடைசியில் படுத்து முதலில் எழும் நம் வீட்டுப் பெண்களின் தூக்கக் கணக்கை யாரும் போடுவதே இல்லை. அதை முதலில் போட வேண்டும்.

நம் சங்கங்களின் விழாக்களும் இரவு பத்து மணிக்குள் ஒலிபெருக்கியை நிறுத்தினால் அதுவே ஒரு நல்ல தமிழ்த் தொண்டு. துஞ்சுதல் என்ற சொல்லுக்குச் சாவு என்று பொருள் கொண்ட காலம் போகட்டும். கண் மூடிய பின்னும் வேலை செய்யும் மூளைக்கு அதற்குரிய நேரத்தை விட்டுக்கொடுப்போம். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து உழைப்பது பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே? அவர்கள் நன்றாகத் தூங்கட்டும்.